இரண்டு ஏக்கரை என்ன செய்வது? சித்தூர், திருப்பதி மண்ணில் ஒரு பழைய கேள்வி

பங்காளிகள் பாகம் பிரித்துக்கொண்ட பிறகு கையில் நிற்கும் ஓர் ஏக்கரையோ இரண்டு ஏக்கரையோ என்ன செய்வது? சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இந்தக் கேள்வி எழாத விவசாயக் குடும்பம் அரிது. மானாவாரியாகக் கடலை போடலாம். மா வைக்கலாம். போர் இறக்கித் தக்காளிக்குப் போகலாம். நாலு மாடு கட்டலாம். குத்தகைக்கு விட்டுவிட்டுச் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போகலாம். மனை போட வருகிறவரிடம் கொடுத்தும் விடலாம். ஒவ்வொன்றுக்கும் ஆதரவாக ஒரு வாதமும் ஓர் அரசுத் திட்டமும் உண்டு, அதில் நன்றாக வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவரும் இருக்கிறார். அதே வழியில் கடன்பட்டு நின்றவரும் இருக்கிறார், ஆனால் அவர் கதையை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

கேள்வி சிறிதென்று தோன்றலாம், அது தொடும் பரப்பு சிறிதல்ல. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு சாகுபடிதாரரின் சராசரி நிலம் 1.08 ஹெக்டேர், ஆந்திரத்தில் 0.94 ஹெக்டேர், அதாவது இரண்டே கால் ஏக்கர் அளவு. நாட்டின் சாகுபடிதாரர்களில் நூற்றுக்கு 86 பேர் இரண்டு ஹெக்டேருக்கும் குறைவாக வைத்திருப்பவர்கள். ஆகவே துண்டு நிலத்தின் பயன்பாடு விதிவிலக்கான சிலரின் சிக்கலாக இல்லை. விவசாயத்தின் பொதுநிலையே அதுதான்.

சித்தூர்ப் பகுதியை இதற்கு எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. 1911இல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவான சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாநிலத்தில் இருந்தது. 2022 ஏப்ரலில் அதிலிருந்து திருப்பதி மாவட்டம் பிரிந்தது. பழைய மாவட்டத்தின் கிழக்கே சத்தியவேடு, புத்தூர், காளத்திப் பக்கம் வடகிழக்குப் பருவமழை தாராளம்; மேற்கே மதனப்பள்ளி, புங்கனூர், குப்பம் மேட்டுநிலங்களில் மழையும் குறைவு, நிச்சயமும் குறைவு. ஏரிக்குக் கீழே கழனி, அதற்கு மேலே கொல்லை, அதற்கும் மேலே கரடு என்று ஒரே ஊருக்குள் மூன்று வகை நிலம் கிடக்கிறது. ஒரு கேள்விக்கு எத்தனை விடை வரமுடியுமோ அத்தனையும் இங்கே முயன்று பார்க்கப்பட்டுள்ளன.

அந்த விடைகள் பெரும்பாலும் ஏக்கருக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற ஒரே அளவுகோலில் நிற்கின்றன. அது தேவையான அளவுகோல், ஆனால் போதுமானதன்று என்பது இக்கட்டுரையின் வாதம். எடுத்த முடிவு பொய்த்துப்போனால் எத்தனை ஆண்டில், எவ்வளவு செலவில் திரும்பி வரமுடியும் என்பதையும் சேர்த்து எடைபோட்டால், விடைகளின் வரிசை கணிசமாக மாறுகிறது.

சிறு நிலம் வாழுமா?

எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு முந்திய கேள்வி, இவ்வளவு சிறிய நிலம் தனித்து நிற்கவேண்டுமா என்பது. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா தலைமையில் அமைந்த காங்கிரஸ் நிலச்சீர்திருத்தக் குழு 1949இல் தந்த அறிக்கை, ஒரு குடும்பம் மரியாதையாக வாழ்வதற்குரிய நில அளவு, அதற்கும் கீழே சாகுபடி கட்டுபடியாகும் அடிப்படை அளவு என்று வேறுபடுத்தியது. அடிப்படை அளவுக்கும் குறைந்த துண்டுகளைக் கூட்டுறவாகச் சேர்த்து உழவேண்டும் என்றது. 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுக் கூட்டுப்பண்ணையை நாட்டின் இலக்காகவே அறிவித்தது. அதைக் கடுமையாக எதிர்த்தவர் விவசாயிகள் தலைவர் என்.ஜி. ரங்கா. வரப்பு போனால் உழவனின் சுதந்திரமும் போகும் என்ற நிலையில் நின்று காங்கிரஸை விட்டு விலகினார். ராஜாஜியோடு சேர்ந்து சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1962இல் நடந்த இடைத்தேர்தலில் அவரை மக்களவைக்கு அனுப்பியது சித்தூர்த் தொகுதி என்பது இங்கே நினைக்கத்தக்கது. நிலத்தை ஒன்றுசேர்க்கும் யோசனைக்கு எதிரான குரல் இந்த மண்ணில் எடுபட்டது.

அதே 1962இல் அமர்த்தியா சென் வெளியிட்ட கட்டுரை விவாதத்தை வேறு தளத்துக்குக் கொண்டுபோனது. 1950களின் பண்ணை மேலாண்மை ஆய்வுகளை வைத்து, நிலம் சிறுக்கச் சிறுக்க ஏக்கருக்கான விளைச்சல் மதிப்பு கூடுகிறது என்று அவர் காட்டினார். கூலிக்கு ஆள் வைப்பவர் கூலிக்கு ஈடான விளைச்சல் வரும்வரைதான் உழைப்பைச் செலுத்துவார். சொந்தக் குடும்பம் அதைத் தாண்டியும் உழைக்கும் என்பது விளக்கம். மறுப்பு பல திசைகளிலிருந்து வந்தது. சிறு நிலங்கள் பெரும்பாலும் நல்ல மண்ணிலும் பாசனத்திலும் அமைந்திருப்பதால்தான் இந்தத் தோற்றம் என்று பல்லாவும் ராயும் 1988இல் வாதிட்டனர். மண்ணின் தரத்தைக் கணக்கில் எடுத்தபோது அந்த உறவு பல இடங்களில் தளர்ந்தது. சித்தூரின் தெற்கு எல்லையை ஒட்டிய வட ஆர்க்காட்டு ஊர்களில் நடந்த ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. 1970களில் பி.எச். ஃபார்மர் தலைமையில் வந்த குழு பசுமைப் புரட்சியின் பயன்களை ஐயத்தோடு பார்த்தது. 1991இல் ஹேசலும் ராமசாமியும் வெளியிட்ட நூல், சிறு விவசாயிகளும் கூலியாட்களும் காலப்போக்கில் கணிசமாகப் பயனடைந்தனர் என்று எழுதியது.

இந்த விவாதத்தின் குறை, அது நாட்டுக்காகக் கேட்கப்பட்டது என்பதே. நாடு முழுதும் நிலம் எப்படிப் பங்கிடப்பட்டால் மொத்த விளைச்சல் கூடும் என்பதற்கு அது பதில் தேடியது. ஒன்றரை ஏக்கரில் நிற்கும் குடும்பத்துக்கு அந்தப் பதில் உதவாது. ஏக்கருக்கு இரட்டிப்பாக விளைந்தாலும் ஒன்றரை ஏக்கர் ஒன்றரை ஏக்கர்தான். அதனால் அந்தக் குடும்பம் நிலத்தை மட்டும் நம்பி இருப்பதில்லை. ஒருவர் திருப்பதியில் ஓட்டல் வேலைக்கும், இன்னொருவர் ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டைக்கும் போகிறார்கள். இந்தப் பின்னணியில் நிலம் முழு வாழ்வாதாரம் அன்று. பல வரவுகளில் ஒன்று. அதன் பயன்பாட்டையும் அப்படித்தான் மதிப்பிடவேண்டும்.

கடலைக்கொல்லை மாந்தோப்பானது

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கொல்லைக்கான விடை நிலக்கடலை. முதல் மழைக்கு உழுது, ஆடியை ஒட்டி விதைத்து, நூறு நூற்றைந்து நாளில் பிடுங்குவது. காய் வீட்டுக்கும் விதைக்கும் சந்தைக்கும், கொடி மாட்டுக்கும் போனது. திண்டிவனத்தில் உருவாகி 1940இல் வெளிவந்த டி.எம்.வி. 2 ரகம் இங்கே பல பத்தாண்டுகள் கோலோச்சியது. திருப்பதியிலும் கதிரியிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்கள் நாராயணி, கே-6 போன்ற ரகங்களைத் தந்தபின்தான் அதன் பிடி தளர்ந்தது. கடலையின் பலம் அதன் எளிமை; பலவீனம் பூக்கும் நேரத்தில் மூன்று வாரம் மழை நின்றால் எல்லாம் போய்விடும் என்பது. இதில் கவனிக்கவேண்டியது விதைச் செலவு. மற்ற பயிர்களில் விதை சிறு செலவு. கடலையிலோ ஏக்கருக்கு அறுபது கிலோவுக்குக் குறையாமல் பருப்பு மண்ணுக்குள் போகிறது. முளைத்து வந்த பயிர் காய்ந்தால் அடுத்த ஆண்டின் விதையும் சேர்ந்து காய்கிறது. 1994இல் பாமாயில் இறக்குமதி தாராளமாக்கப்பட்டபின் எண்ணெய்வித்து விலைகளும் பழையபடி ஆதரவு தரவில்லை.

அந்த இடத்தை நிரப்பியது மா. வட இந்தியர் தோத்தாபுரி என்றும் நாம் கிளிமூக்கு, பெங்களூரா என்றும் சொல்லும் ரகம் இங்கே பெருகியதற்குக் காரணம் பழக்கூழ் ஆலைகள். சித்தூரும் கிருஷ்ணகிரியும் நாட்டின் பழக்கூழ்த் தொழிலின் இரு பெரும் மையங்கள். தேசிய ஊரக வேலையுறுதித் திட்டத்தில் குழி தோண்டவும் கன்று நடவும் உதவி கிடைத்தது. பத்து மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு நாற்பது மரம். முதல் ஐந்தாறு ஆண்டு இடையில் கடலையோ கொள்ளோ போடலாம். அதன்பின் ஆள் தேவை குறைவு. வெளியூரில் வேலை பார்ப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பயிர் இல்லை என்று சொல்லப்பட்டது. அதில் உண்மை உண்டு. பத்தாண்டுகள் வரை அந்தக் கணக்கு பலருக்குச் சரியாகவே வந்தது.

2025 ஆனி மாதம் அந்தக் கணக்கின் மறுபக்கத்தைக் காட்டியது. முந்தைய ஆண்டின் கூழ் ஆலைகளில் தேங்கிக்கிடக்க, காய்ப்பும் மிகுதியாக இருந்தது. கிலோவுக்கு ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆக 12 ரூபாய் என்று ஆந்திர அரசு அறிவித்தது. 8 ரூபாய் தரவே பல ஆலைகள் தயங்கின. டோக்கன் வாங்கிக்கொண்டு டிராக்டர்கள் ஆலை வாசலில் நாள்கணக்கில் நின்றன. நிற்கிற ஒவ்வொரு நாளும் தொட்டியின் அடியில் கிடந்த காய் கனிந்து கசிந்தது. வெளிமாநில மாங்காய் சித்தூருக்குள் வரக்கூடாது என்று மாவட்ட நிர்வாகம் தடை போட, கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு விவகாரம் வளர்ந்தது. ஓர் ஏக்கரின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நாற்பது மரமும் தலா நூறு கிலோ காய்த்தால் நான்கு டன். கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் 4,000 ரூபாய் வரவு கூடும். இறங்கினால் அதே 4,000 குறையும். 12 ரூபாயில் 48,000. 5 ரூபாயில் 20,000. பறிகூலி, வண்டி வாடகை, மருந்து மூன்றும் விலை இறங்கியதற்காக இறங்குவதில்லை.

இதற்கு மாவைக் குறைசொல்வது சரியாகாது. குறை, ஒரே ரகத்தை ஒரே வகை வாங்குநருக்காகப் பல்லாயிரம் ஏக்கரில் வைத்ததில் இருக்கிறது. கடலை விலை விழுந்தால் அடுத்த ஆடியில் கம்போ உளுந்தோ போடலாம். இருபது வயது மரத்தை அப்படி மாற்ற முடியாது. வெட்டினால் இருபது ஆண்டுக் காத்திருப்பு விறகாகும். கிளைகளை வெட்டி வேறு ரகத்தை மேலொட்டுக் கட்டலாம். சில ஆண்டுகளில் பங்கனப்பள்ளியோ இமாம்பசந்தோ காய்க்கத் தொடங்கும். நேரடியாக உண்ணும் பழத்துக்குச் சந்தை அகலம். இந்த வழி இன்னும் பரவலாகப் பேசப்படாதது வருத்தத்துக்குரியது. மரத்தை வைத்துக்கொண்டே முடிவைத் திருத்திக்கொள்ள உள்ள ஒரே வாசல் அது.

நீரை நம்பிய விடைகள்

ஏக்கர் வரவு என்ற அளவுகோலில் முதலிடம் பெறுவன எல்லாம் நீர்ப்பயிர்கள்: தக்காளி, மல்பெரி, கரும்பு, காய்கறி, பூ. மதனப்பள்ளி தக்காளிச் சந்தை நாட்டின் பெரிய தக்காளிச் சந்தைகளுள் ஒன்று. 2023 ஜூலையில் அங்கே முதல்தரத் தக்காளி கிலோ 150 ரூபாயைத் தாண்டியது. அதே சந்தைக்குக் கொண்டுவந்த தக்காளியை விலையில்லாமல் சாலையோரம் கொட்டிப்போன ஆண்டுகளும் உண்டு. வெங்காயம், உருளையோடு தக்காளிக்கும் சேர்த்து 2018-19 நிதிநிலை அறிக்கையில் ஒன்றிய அரசு 500 கோடி ரூபாய் ஒதுக்கிய திட்டம் இந்த ஊசலாட்டத்தை நிறுத்தியதாகத் தெரியவில்லை. கம்பு நட்டு, கயிறு கட்டி, கலப்பின நாற்று வாங்கி, மருந்தடித்து ஓர் ஏக்கர் தக்காளி எடுக்கும் செலவு மானாவாரிக் கடலையின் செலவைப்போலப் பல மடங்கு. மூன்று நடவில் ஒன்று நல்ல விலை பார்த்தால் மற்ற இரண்டின் நட்டத்தை ஈடுகட்டும் என்பது இங்குள்ள நம்பிக்கை. அந்த ஒன்று வரும்வரை தாங்கும் கைமுதல் இருப்பவருக்கு நம்பிக்கை பலிக்கிறது. வட்டிக்கு வாங்கியவர் இரண்டாம் நடவிலேயே நின்றுபோகிறார்.

பலமநேர், குப்பம் பக்கத்துப் பட்டுப்புழு வளர்ப்பு சிறு நிலத்துக்கு இன்னும் பொருந்துவதாகத் தோன்றுகிறது. மல்பெரிக்கு அரை ஏக்கர் போதும். ஆண்டுக்கு நாலைந்து முறை கூடு விற்றுக் காசு வரும். ராம்நகரம், சித்லகட்டா சந்தைகள் எட்டும் தூரம். இதற்கும் ஊருக்கு வெளியே முடிவாகும் ஆபத்து உண்டு. 2011 நிதிநிலை அறிக்கையில் கச்சாப் பட்டின் இறக்குமதி வரி 30 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தபோது கூட்டின் விலை சரிந்தது. பலர் மல்பெரியைப் பிடுங்கினார்கள். ஆனால் பிடுங்க முடிந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். மறு ஆண்டு அந்த இடத்தில் வேறு பயிர் நின்றது.

இவை எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது போர். 2004 மே மாதம் ஆந்திரத்தில் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தபின் நீர் இறைக்கும் செலவு கண்ணுக்குத் தெரியாமல் போனது. போர் இறக்கும் செலவு மட்டும் எஞ்சியது. போர்களுக்கிடையே இடைவெளி, முன் அனுமதி என்றெல்லாம் விதிக்கும் நீர், நிலம், மரங்கள் சட்டம் 2002 முதலே இருக்கிறது. நடைமுறையில் பக்கத்துக் கொல்லைக்காரர் ஆழமாக இறக்கினால் இவரும் இறக்குகிறார். முன்பு பங்காளிகள் ஒரு கிணற்றுக்கு முறைவைத்து நீர் பாய்ச்சினார்கள்; நாளும் நாழிகையும் பிரிக்கப்பட்டிருந்ததால் யார் எவ்வளவு எடுப்பது என்பதற்கு எல்லை இருந்தது. தனித்தனி போர் அந்த எல்லையை அழித்தது. வறண்ட போர் விவசாயக் கடனின் தலையாய காரணங்களுள் ஒன்று என்பதை ராயலசீமை பற்றிய ஆய்வுகள் தொடர்ந்து சொல்லி வருகின்றன. துண்டு நிலத்துக்கு இது இரட்டைச் சுமை. பத்து ஏக்கர்க்காரர் ஒரு போரின் செலவைப் பத்தில் பகிர்கிறார். இரண்டு ஏக்கர்க்காரர் இரண்டில்.

தொழில்நுட்பம் இதைத் தீர்க்கும் என்ற நிலைப்பாட்டின் பெரிய சோதனைக்களம் குப்பம். 1990களின் பிற்பாதியில் இஸ்ரேலிய நிறுவனத்தின் துணையோடு, சிறு துண்டுகளை ஒன்றுசேர்த்துச் சொட்டுநீரில் உயர்மதிப்புக் காய்கறி எடுக்கும் மாதிரிப்பண்ணை அங்கே தொடங்கியது. அதன் விளைச்சல் கவனத்தை ஈர்த்தது; செலவும், வரப்புகளைக் கலைத்ததும், அரசு நிதி விலகினால் நிற்குமா என்பதும் விமர்சனத்துக்கு உள்ளாயின. ரங்கா எழுப்பிய கேள்வி வேறு உடையில் மறுபடி வந்தது என்று சொல்லலாம். அந்த முயற்சியிலிருந்து நிலைத்து நின்றது வரப்பைத் தொடாத பகுதிதான்: 2003இல் தொடங்கிய நுண்ணீர்ப் பாசனத் திட்டத்தின் வழியாகச் சொட்டுநீர் சிறு நிலங்களுக்கும் போனது. ஆனால் சொட்டுநீர் மிச்சப்படுத்திய நீரை மண்ணுக்குள் விட்டுவைத்தவர் எத்தனை பேர், கூடுதல் பரப்புக்குப் பாய்ச்சியவர் எத்தனை பேர் என்று பார்த்தால் இரண்டாவது கூட்டமே பெரிது என்று கருத இடமுண்டு.

ஒன்றை நம்பாதே என்ற விடை

ஒற்றைப் பயிரின் ஆபத்துக்கு மாற்றாக முன்வைக்கப்படுவது கலப்புப் பண்ணை. எஸ்.ஏ. தபோல்கர் மகாராட்டிரத்தில் பத்து குண்டா, அதாவது கால் ஏக்கர், ஒரு குடும்பத்தைத் தாங்கும் என்று வாதிட்டு மாதிரிகள் வகுத்தார். தமிழகத்தில் இயற்கை வேளாண்மையாளர் நம்மாழ்வார் அந்தச் சிந்தனையைப் பரப்பினார். ஆந்திரத்தில் 2016 முதல் ரைத்து சாதிகார சம்ஸ்தா நடத்தும் இயற்கை வேளாண் இயக்கம் இதற்கு அரசு வடிவம் கொடுத்தது. 2024இல் அதற்குக் குல்பென்கியன் விருது கிடைத்தது. அதன் மாதிரிகளில் சிறு நிலத்துக்கு நேரடியாகப் பொருந்துவது ஏ.டி.எம். என்று அழைக்கப்படும் 20 சென்ட் தோட்டம். மேட்டுப்பாத்திகளில் முள்ளங்கி, கீரை, வெண்டை, கத்தரி, ஓரத்தில் துவரையும் ஆமணக்கும், மூலைகளில் முருங்கையும் பப்பாளியும். ஒன்று அறுத்த அன்றே அந்த இடத்தில் இன்னொன்றை ஊன்றுவது விதி. மூன்று வாரத்தில் கீரையும், ஒன்றரை மாதத்தில் முள்ளங்கியும் காசாகின்றன. அதன்பின் வாரத்துக்கு ஏதாவது ஒன்று சந்தைக்குப் போகிறது.

சாகுபடிச் செலவு குறைகிறது என்பதில் ஆய்வுகளுக்கிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. விளைச்சல் கூடுகிறதா என்பதில் இருக்கிறது. அதைவிட முக்கியமான கேள்வி உழைப்பு. நாள்தோறும் யாராவது அந்தப் பாத்தியில் இருந்தாகவேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் வீட்டுப் பெண். அவள் உழைப்புக்குக் கூலி போட்டுக் கணக்கிட்டால் பல அட்டவணைகளில் காட்டப்படும் லாபம் சுருங்கும். இதைச் சொல்வது மாதிரியைத் தள்ளுவதற்காக அன்று. கணக்கை நேர்மையாக வைப்பதற்காக. விளைந்ததை விற்க அருகில் ஊர் வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. திருப்பதிக்குப் பத்துக் கிலோமீட்டரில் உள்ள 20 சென்ட்டும் ராமசமுத்திரத்துக்கு உள்ளே உள்ள 20 சென்ட்டும் ஒன்றல்ல. சந்தைக்கு உள்ள தூரமே நிலத்தின் பயனைத் தீர்மானிக்கிறது என்று ஜெர்மானியர் வான் துனென் 1826இல் எழுதியதற்கு இன்றும் மதிப்பு இருக்கிறது.

மாடு இந்த விடையின் மறுபாதி. பத்து நாளுக்கோ பதினைந்து நாளுக்கோ ஒருமுறை பால்காசு கைக்கு வருவது வேறெந்தப் பயிரும் தராத வசதி. சித்தூர்க் கூட்டுறவுப் பால் நிலையம் 2002இல் மூடப்பட்டபின் கொள்முதல் தனியார் கைக்குப் போனது. 2023இல் அமுல் மூலம் அதை மீட்கும் பணிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பாசனமுள்ள கால் ஏக்கரில் கோ-4 போன்ற தீவனப்புல் இருந்தால் இரண்டு மூன்று மாட்டைச் சமாளிக்கலாம். எல்லாத் தீவனத்தையும் விலைக்கு வாங்கினால் பால் கட்டுபடியாவது கடினம். குட்டையான புங்கனூர் மாடு குறைந்த தீவனத்தில் கொழுப்பு மிகுந்த பால் தருவது; ஆனால் கறக்கும் அளவு குறைவு. இப்போது அதற்குக் கிடைக்கும் உயர்ந்த விலை அழகுக்காக வாங்குபவர் தருவது, பால் தருவதன்று.

கௌண்டின்யா சரணாலயத்தை ஒட்டிய பலமநேர், குப்பம் ஊர்களில் யானையையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். 1980களில் தெற்கிலிருந்து வந்து தங்கிவிட்ட யானைகள் கரும்பையும் வாழையையும் நெல்லையும் தேடி வருகின்றன. இரவுக் காவலுக்கு ஆளில்லாத குடும்பம் அங்கே எதை வைப்பது என்பதை ஏக்கர் வரவு தீர்மானிப்பதில்லை.

காத்திருக்கும் மரம், விற்கும் மனை

சேஷாசல மலைகளுக்கு உரிய செம்மரத்தைச் சொந்த நிலத்தில் வளர்ப்பது அண்மைக்காலத்தில் பரவிய யோசனை. 2019இல் பயிரிட்ட செம்மரத்தின் ஏற்றுமதிக்கு வழி திறந்தது. 2023 நவம்பரில் அழியும் உயிரின வணிக ஒப்பந்தத்தின் சிறப்புக் கண்காணிப்பிலிருந்தும் இந்தியச் செம்மரம் விடுபட்டது. இவை நல்ல செய்திகள். எனினும் வைரம் பாய இருபத்தைந்து முப்பது ஆண்டு ஆகும். வெட்டவும் கொண்டுபோகவும் அனுமதி வேண்டும். திருட்டுக்கும் காவல் வேண்டும். நிலத்தை நம்பிச் சாப்பிடவேண்டிய குடும்பத்துக்கு இது விடையாகாது. வரப்போரத்தில் சில மரம் வைப்பது வேறு. முழு நிலத்தையும் அதற்குக் கொடுப்பது வேறு.

மனை விற்பனை இதற்கு நேரெதிர்: உடனே பணம். 2008இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி, 2015இல் வந்த ஐ.ஐ.டி., ரேணிகுண்டா விமான நிலையம், நான்குவழிச் சாலைகள் ஆகியவற்றைச் சுற்றிலும் விளைச்சலோடு தொடர்பற்ற விலை நிலத்துக்கு ஏறியிருக்கிறது. விற்றுவிட்டு அந்தப் பணத்தை வங்கியில் போட்டால் கடலை தருவதைவிட வட்டி கூடுதல் என்ற வாதம் கணக்கில் சரி. ஆனால் பெரும்பாலும் அந்தப் பணம் வங்கிக்குப் போவதில்லை. கடனுக்கும் கல்யாணத்துக்கும் வீட்டுக்கும் போகிறது. அதைத் தவறென்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆயினும் கல் நட்டு மண் கொட்டிய நிலம் கழனியாகத் திரும்பியதற்கு எடுத்துக்காட்டுத் தேடுவது கடினம்.

இந்தத் தேர்வு எல்லோருக்கும் திறந்ததும் அன்று. நிலமற்ற ஏழைகளுக்கு அரசு ஒதுக்கிய, டி.கே.டி. பட்டா என்று இங்கே சொல்லப்படும் நிலத்தை விற்க 1977ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்தது. 2023இல் வந்த திருத்தம் முதலில் ஒதுக்கப்பட்டவருக்கு இருபது ஆண்டு கழிந்தபின் முழு உரிமை தர முன்வந்தது. ஏழையின் கையில் நிலம் நிலைக்கத் தடை வேண்டும் என்று ஒரு தரப்பும், தடையால் அவருக்குக் கடனும் நியாய விலையும் கிடைப்பதில்லை என்று மறுதரப்பும் சொல்கின்றன. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. குத்தகையும் இப்படித்தான். 2011லும் 2019லும் குத்தகைச் சாகுபடியாளருக்கான சட்டங்கள் வந்தன. இரண்டாவது சட்டம் பதினொரு மாத ஒப்பந்தத்துக்கு இடம் தருகிறது. நில உரிமை போய்விடுமோ என்ற அச்சத்தால் கையெழுத்திடத் தயங்குவோர் பலர். வாய்மொழியில் ஓராண்டுக்கு எடுத்தவர் அந்த மண்ணுக்குத் தொழுவுரம் போடமாட்டார்.

திரும்பும் வழி

மேலே பார்த்த விடைகளை ஏக்கர் வரவுப்படி அடுக்கினால் மனை, தக்காளி, மல்பெரி, மா, கலப்புத்தோட்டம், கடலை என்று ஏறத்தாழ வரும். தவறினால் திரும்பும் எளிமைப்படி அடுக்கினால் கடலையும் கலப்புத்தோட்டமும் மேலே வரும், மல்பெரி நடுவில் நிற்கும், தக்காளி பயிராகத் திரும்பக்கூடியது, அதற்காக இறக்கிய போர் திரும்பாதது, மா கீழே இறங்கும், மனை கடைசி. பெரிய நிலக்காரர் பல துண்டுகளில் பலவற்றை வைத்து ஆபத்தைப் பரப்பலாம். ஒரே துண்டு உள்ளவருக்கு அந்த வசதி இல்லாததால், காலத்தில்தான் பரப்பமுடியும்: இன்றைய முடிவு நாளைய முடிவை அடைக்காதபடி எடுப்பது. அதன்படி, மீளாத செலவை ஒத்திப்போட்டு, மீளக்கூடியதை முதலில் முயல்வதே துண்டு நிலத்துக்கான வரிசையாகத் தெரிகிறது. போருக்கு முன் பண்ணைக்குட்டை. முழுத்தோப்புக்கு முன் வரப்போர மரம். ஒரே ரகத்துக்கு முன் இரண்டு மூன்று ரகம். விற்பனைக்கு முன் எழுத்துப்பூர்வமான குத்தகை.

இதற்கு வலுவான மறுப்புகள் உள்ளன. வசதியுள்ளவர்தான் காத்திருக்க முடியும், ஏழை இன்றே தேவைப்படுவதைத்தான் செய்வார் என்பது முதலாவது. உண்மை, ஆனால் மாவும் ஆழ்துளையும் காத்திருப்பைக் கேட்பவையே. ஐந்தாண்டு காத்து, பின் ஒரு வாரத்தில் விலை பேசும் பயிரைவிட, மூன்று வாரத்தில் கீரை தரும் பாத்தி ஏழைக்கு அணுக்கமானது. இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: மீளக்கூடிய பயிர்கள் அனைத்தும் ஆள் கேட்பவை, ஆளோ ஊரில் இல்லை. இதற்கு முழுமையான பதில் இல்லை. ஊரில் யாருமே தங்காத குடும்பத்துக்கு மா அல்லது குத்தகை என்பதே நடைமுறை. அங்கே செய்யக்கூடியது ரகத்தைக் கலப்பதும், குத்தகையை எழுத்தில் வைப்பதும் மட்டுமே. மூன்றாவது, எல்லாரும் இப்படித் தயங்கினால் முதலீடே வராது, பழக்கூழ்த் தொழிலே வளர்ந்திருக்காது என்பது. தொழிலின் நலனும் தனிக் குடும்பத்தின் நலனும் இந்த இடத்தில் பிரிகின்றன என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். தொழிலுக்காக ஆபத்தைச் சுமப்பவர் இரண்டு ஏக்கர்க்காரராக இருந்தால் அந்தச் சுமைக்குரிய விலை முன்கூட்டியே ஒப்பந்தமாக வேண்டும். காய் கனிந்தபின் அறிவிக்கும் மானியம் அதற்கு ஈடாகாது.

தீராதவை

சில கேள்விகள் இந்த வாதத்தாலும் தீரவில்லை. நில ஆவணம் ஒன்று. 2020 டிசம்பரில் தொடங்கிய மறு அளவை எல்லைகளைத் தெளிவாக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அதையொட்டி வந்த நிலவுரிமைச் சட்டம் 2024இல் திரும்பப் பெறப்பட்டது. அடங்கலில் ஒருவர் பெயரும் கொல்லையில் இன்னொருவர் உழவும் இருக்கும்வரை, நீண்டகால முடிவு எதுவும் பாதி முடிவுதான். கலப்புத்தோட்டங்களின் வரவை வீட்டுப் பெண்களின் உழைப்புக்குக் கூலி போட்டு, பத்தாண்டு தொடர்ந்து, மழை பொய்த்த ஆண்டுகளையும் சேர்த்து அளக்கும் வேலை இன்னும் நிறைய இருக்கிறது. மேலொட்டு மூலம் ரகம் மாற்றிய தோப்புகள் எப்படி விற்பனை காண்கின்றன என்பதையும் பார்க்கவேண்டும்.

எல்லாவற்றையும் மாற்றக்கூடியது தண்ணீர். ஹந்திரி-நீவா திட்டத்தின் குப்பம் கிளைக்கால்வாயில் 2025இல் கிருஷ்ணா நீர் வந்தது. ஆண்டுதோறும் அது வந்து ஏரிகளை நிரப்புமானால், போரைப் பற்றி மேலே சொன்ன எச்சரிக்கையைக் குப்பம், பலமநேர் பகுதிகளுக்கு மறுபடி எழுதவேண்டியிருக்கும். கால்வாய் நீர் கடைமடை வரை வருமா, ஏரிக்கு வெளியே உள்ள கொல்லைகளின் நீர்மட்டம் எத்தனை கோடைக்கு நிற்கும், உயர்ந்த மட்டத்தைப் பார்த்து மறுபடி எத்தனை போர் இறங்கும் என்பவை இனி வரும் ஆண்டுகளில் ஊர் ஊராக அளந்து பார்த்தே சொல்லக்கூடியவை.